பாரிஸ் ஹில்டனுக்கு 23 நாள், மீக் மில்லுக்குப் பத்தாண்டு: பணமா, நிறமா?

"45 நாள் தண்டனை வாங்கிய, ஹோட்டல் குடும்பத்து வாரிசான டிவி பிரபலம் பாரிஸ் ஹில்டன் மூன்றே நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். ராப் பாடகர் மீக் மில், பைக்கில் வீலிங் செய்ததற்காக இரண்டிலிருந்து நான்கு ஆண்டு உள்ளே போனார். அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பிரபலத்துக்கு ஒரு சிறை, கறுப்பினப் பிரபலத்துக்கு வேறு சிறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணம், நிறம், புகழ் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிக் கேட்ட கேள்வி இது. மூன்றும் வேலை செய்கின்றன. ஆனால் ஒரே இடத்தில் அல்ல. நீங்கள் சொன்ன இரண்டு உதாரணங்களில் முதலாவது பாதி தவறு. இரண்டாவது நீங்கள் நினைப்பதைவிட மோசமானது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் ஜெயில் என்றே சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஜெயில் என்பது மாவட்டம் போன்ற கவுன்ட்டி நடத்துவது. விசாரணைக் கைதிகளும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். அதன் தலைவர் ஷெரிஃப், பெரும்பாலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அதற்கு மேல் மாநிலச் சிறை. இரண்டோடும் சேராமல் தனியாக மத்திய அரசின் ஃபெடரல் சிறை. மூன்றிலும் தண்டனை நாளைக் கழிக்கும் கணக்கு வேறு வேறு. இது தெரியாமல் இரண்டு பிரபலங்களின் நாட்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும். இன்னொன்று, நம்மூரில் நீதிமன்றத்திலேயே கேட்டு வாங்குகிற முதல் வகுப்புச் சிறை மாதிரி அங்கே சட்டத்தில் எதுவும் இல்லை. சலுகை வேறு கதவுகள் வழியாக வருகிறது.

ஹில்டன் விஷயத்துக்கு வருவோம். 2006 செப்டம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டார். மூன்றாண்டு புரொபேஷன், அதாவது சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியே விட்டுக் கண்காணிப்பது. உரிமம் முடக்கப்பட்ட நிலையில் மறுபடி வண்டி ஓட்டியதால் 2007 மே மாதம் 45 நாள் தண்டனை. வீட்டுக்காவல், மின்னணுக் கண்காணிப்பு எதுவும் கூடாது என்று நீதிபதி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஜூன் 3ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு மேல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியின் லின்வுட் பெண்கள் ஜெயிலில் சரணடைந்தார். அந்த நேரத்தைக் கவனியுங்கள். நள்ளிரவுக்குச் சில நிமிடங்களுக்கு முன் உள்ளே போனால் அந்த நாள் முழுதாகக் கணக்கில் சேர்ந்துவிடும். 7ஆம் தேதி விடிவதற்குள் விடுவித்தால் அதுவும் ஒரு நாள். உள்ளே இருந்தது மூன்று நாளும் சில மணி நேரமும், ஏட்டில் ஐந்து நாள். இது பிரபலத்துக்கான சலுகை அல்ல, யாருக்கும் உள்ள கணக்கு. ஆனால் வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தால்தானே ஒருவருக்கு இது தெரியும்.

ஷெரிஃப் லீ பாகா உடல்நிலையைக் காரணம் காட்டி அவரை மின்னணு வளையத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். ஊரே கொதித்தது. மறுநாளே நீதிபதி அவரைத் திரும்ப உள்ளே அனுப்பினார். ஜூன் 26ஆம் தேதிதான் வெளியே வந்தார், மொத்தம் 23 நாள். பத்திரிகைகள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் மட்டும் கவுன்ட்டி ஜெயிலின் விடுதலைப் பதிவுகளைத் தோண்டி, 2002 ஜூலைக்குப் பிறகு இதே மாதிரி வழக்கில் உள்ளே போன சுமார் 1,500 பேரை எடுத்துப் பார்த்தது. நான்கு நாளில் வெளியே போயிருந்தால் அவர்களில் 60 சதவீதம் பேரைப் போலவே ஹில்டனும் இருந்திருப்பார். 23 நாள் இருந்ததால் 80 சதவீதம் பேரைவிட அதிகமாக உள்ளே இருந்தவர் ஆனார்.

காரணம் நெரிசல். லாஸ் ஏஞ்சலிஸ் ஜெயில்களில் இடம் இல்லை. ஃபெடரல் நீதிமன்ற மேற்பார்வையில், சிறு குற்றவாளிகளை முன்கூட்டியே விடுவிக்கும் அதிகாரம் ஷெரிஃபிடம் இருந்தது. தண்டனையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்ற காலம் அது. அதே 2007இல் அதே லின்வுட்டில் டிவி பிரபலம் நிக்கோல் ரிச்சி நான்கு நாள் தண்டனைக்கு 82 நிமிடம் இருந்தார், நடிகை லின்ட்சே லோஹன் ஒரு நாள் தண்டனைக்கு 84 நிமிடம். பெயர் எழுதி, கைரேகை எடுத்து, உடை மாற்றி, மறுபடி உடை மாற்றி அனுப்புவதற்கே அவ்வளவு நேரம் ஆகும். இதைக் கேட்டால் ஆத்திரம் வரும், நியாயம்தான். ஆனால் அதே வாரத்தில் அதே ஜெயிலிலிருந்து பெயர் தெரியாத பெண்கள் பலரும் அப்படித்தான் போனார்கள், அவர்களைப் படமெடுக்க வாசலில் கேமரா நிற்கவில்லை. ஹில்டனுக்குக் கிடைத்த உண்மையான சலுகை வேறு: நீதிபதி வாய்விட்டுத் தடுத்த பிறகும், மருத்துவக் காரணம் என்ற சொல்லைக் கொண்டு ஷெரிஃப் வரை போய்ச் சேர முடிந்தது. பணம் வாங்கித் தருவது பெரும்பாலும் இந்த மாதிரிதான். விதியை உடைப்பதில்லை, விதியில் உள்ள ஓட்டையின் வாசலில் சரியான ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. (அந்த ஷெரிஃபே பிறகு, ஜெயிலில் கைதிகளைக் காவலர்கள் அடித்தது பற்றிய எஃப்பிஐ விசாரணையைத் தடுத்த குற்றத்துக்காக மூன்றாண்டு தண்டனை பெற்று 2020இல் ஃபெடரல் சிறைக்குப் போனார்.)

அதே ஆண்டு அதே கவுன்ட்டியில் கீஃபர் சதர்லாந்து என்ற வெள்ளைக்கார நடிகர், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் 48 நாள் தண்டனை பெற்றார். 48 நாளும் இருந்தார். அவர் போனது கவுன்ட்டி ஜெயிலுக்கு அல்ல, கிளெண்டேல் நகரக் காவல்துறையின் சின்ன ஜெயிலுக்கு. அங்கே நெரிசல் இல்லை, அதனால் முன்விடுதலையும் இல்லை. துணி துவைத்தார், சமையலறையில் வேலை செய்தார். நிறம் ஒன்று, பணம் ஒன்று, கவுன்ட்டி ஒன்று. கட்டடம் மாறியதும் கணக்கு மாறிவிட்டது.

நகர ஜெயில் என்றதும் சொல்ல வேண்டியது 'பே டு ஸ்டே', அதாவது காசு கட்டித் தங்கும் ஏற்பாடு. தெற்குக் கலிஃபோர்னியாவில் பல ஊர்க் காவல்துறைகள் தங்கள் சிறு ஜெயில்களில் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு தண்டனைக் கைதிகளை வைத்துக்கொள்கின்றன. சீல் பீச் ஊரில் 2017இல் ஒரு இரவுக்கு நூறு டாலர். தட்டையான டிவி, சுத்தமான படுக்கை, சில இடங்களில் வேலைக்குப் போய்விட்டு இரவு திரும்பும் வசதி. ஒளிவுமறைவில்லை, விண்ணப்பப் படிவமே உண்டு. நீதிபதியின் அனுமதி வேண்டும், ஜெயில் ஏற்க வேண்டும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். 2011இலிருந்து 2015 வரை 3,500க்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தங்கியதாக லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸும் மார்ஷல் ப்ராஜெக்ட் என்ற செய்தி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வில் தெரியவந்தது. பெரும்பாலும் குடித்து ஓட்டியவர்கள். பாலியல் குற்றம் செய்தவர்களும் அதில் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 'பே டு ஸ்டே' என்ற இதே பெயர் வேறு மாநிலங்களில் இன்னொன்றையும் குறிக்கிறது: ஏழைக் கைதியிடம் சிறைச்செலவுக்கு பில் போடுவது. கனெக்டிகட் மாநிலம் ஒரு நாளைக்கு 249 டாலர் வீதம் எழுதிவைத்து, பின்னால் அவருக்குச் சொத்தோ நஷ்டஈடோ வந்தால் பிடித்துக்கொண்டது. 2022இல்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. ஒரே சொல்: ஒருவருக்கு ஹோட்டல், இன்னொருவருக்குக் கடன்.

பணத்தின் முதல் வேலை இதற்கும் முன்னால், ஜாமீனில் தொடங்குகிறது. 50,000 டாலர் ஜாமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதி உள்ளவர் முழுத்தொகையைக் கட்டுவார், வழக்கு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். இல்லாதவர் ஜாமீன் ஏஜெண்டிடம் போவார். வழக்கமான கட்டணம் பத்து சதவீதம், 5,000 டாலர். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் அது திரும்பி வராது. அதுவும் இல்லாதவர் உள்ளேயே இருப்பார், வேலை போகும், வாடகை நிற்கும். "ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று அரசு வழக்கறிஞர் சொன்னதும் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து அவர் மீது முன்குற்றப் பதிவாக நிற்கும், அடுத்த வழக்கில் தண்டனையைக் கூட்டும். ஃபெடரல் தண்டனைகளில் நூற்றுக்கு 97க்கு மேல் விசாரணையே நடக்காமல் இப்படி ஒப்புக்கொண்டு வருபவை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஜாமீனின் கனம் புரியும். இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது.

இனி நிறம். பிரபலங்களை வைத்து இதை நிரூபிக்க முடியாது, எண்ணிக்கை மிகக் குறைவு. பொதுக் கைதிகளின் கணக்குதான் உதவும். அமெரிக்கத் தண்டனை ஆணையம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, 2017 முதல் 2021 வரையிலான ஃபெடரல் வழக்குகளை எடுத்து, குற்றவகை, முன்குற்றப் பதிவு போன்றவற்றைச் சமன்செய்து பார்த்தது. கறுப்பின ஆண்களுக்கு வெள்ளை ஆண்களைவிட 13.4 சதவீதம் நீளமான தண்டனை. பத்திரிகைகள் இந்த எண்ணோடு நின்றுவிடும். அடுத்த இரண்டு எண்கள்தான் முக்கியம். சிறை இல்லாமல் புரொபேஷன் கிடைக்கும் வாய்ப்பு கறுப்பின ஆண்களுக்கு 23.4 சதவீதம் குறைவு. சிறைக்குப் போனவர்களை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் 4.7 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி எத்தனை ஆண்டு என்பதில் அல்ல, உள்ளேயா வெளியேயா என்ற அந்த ஒரு முடிவில். இது உறுதியாகச் சொல்லக்கூடியது. இதில் எவ்வளவு நேரடியான நிறவெறி, எவ்வளவு வறுமை என்று அந்த அறிக்கையை வைத்துப் பிரிக்க முடியாது, குற்றவாளியின் சொத்து மதிப்பு அந்தக் கணக்கில் இல்லை. சட்டத்திலேயே நிறம் மறைந்திருந்த இடமும் உண்டு: 1986 சட்டப்படி ஐந்து கிராம் கிராக்குக்கும் (புகைக்கும் வகைக் கோகெய்ன்) 500 கிராம் தூள் கோகெய்னுக்கும் ஒரே ஐந்தாண்டுக் கட்டாயத் தண்டனை. கிராக் வழக்குகளில் பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் பதினெட்டுக்கு ஒன்று ஆனது, சமமாகவில்லை.

மீக் மில் சிக்கியது உள்ளேயா வெளியேயா என்ற அந்த வாசலில்தான். 2007 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் துப்பாக்கி, போதைப்பொருள் வழக்கில் கைதானபோது வயது 19, புகழும் இல்லை, பணமும் இல்லை. பதினொன்றரை முதல் 23 மாதம் வரை கவுன்ட்டி ஜெயில், அதன்பின் நீண்ட புரொபேஷன். பென்சில்வேனியாவில் அன்று புரொபேஷனுக்குத் தனி உச்சவரம்பு கிடையாது, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலம் வரை இழுக்கலாம். ஒரு நிபந்தனை மீறினால் நீதிபதி மறுபடி முதலிலிருந்து தண்டனை விதிக்கலாம், புதிய புரொபேஷனும் சேர்க்கலாம். இசை நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்காமல் ஊர் தாண்டியதும் மீறல்தான். இப்படி 2014இல் சில மாதம் ஜெயில், 2016இல் 90 நாள் வீட்டுக்காவல் என்று நீண்டு, 2017இல் நியூயார்க்கில் மோட்டார் பைக்கில் வீலிங் செய்ததும் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் நடந்த தள்ளுமுள்ளும் வந்து சேர்ந்தன. அந்த இரண்டு வழக்குகளும் கைவிடப்பட்டவை. புரொபேஷன் அதிகாரியும் அரசு வழக்கறிஞரும் சிறை கேட்கவில்லை. நீதிபதி இரண்டிலிருந்து நான்கு ஆண்டு போட்டார். அந்த நீதிபதியும் கறுப்பினப் பெண்தான். ஆகவே "வெள்ளை நீதிபதி பழிவாங்கினார்" என்ற எளிய கதை இங்கே ஓடாது. நூலின் நீளம்தான் பிரச்சினை: ஒருவரைப் பத்தாண்டு நூல்கட்டி வைத்திருந்தால் என்றாவது ஒரு நாள் தடுக்கித்தான் விழுவார்.

அவரை வெளியே கொண்டுவந்தது பணமும் புகழும். 2018 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. கூடைப்பந்து அணியின் பங்குதாரர் ஹெலிகாப்டரில் வந்து ஏற்றிக்கொண்டு நேரே ஆட்டத்துக்குப் போனார். 2019இல் பழைய தீர்ப்பே ரத்தானது, முக்கிய சாட்சியான போலீஸ்காரரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானதால். சிறு குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு, மேல்தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. பென்சில்வேனியா 2023 டிசம்பரில் புரொபேஷன் சட்டத்தைத் திருத்தியது. மில்லும் ராப் பாடகர் ஜே-ஸீயும் சேர்ந்து தொடங்கிய ரிஃபார்ம் அலையன்ஸ் அதற்காக உழைத்த அமைப்புகளில் ஒன்று. பணம் வருவதற்கு முன் நடந்ததைப் பணம் வந்த பிறகு அழிக்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

ஃபெடரல் சிறையில் வசதி எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் நுட்பமானது. தண்டனைக்கு முன் புரொபேஷன் அதிகாரி ஒருவர் குற்றவாளியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுவார். நோய், குடிப்பழக்கம், குடும்பம், முன்வழக்கு எல்லாம் அதில் வரும். சிறைத்துறை அதை வைத்துத்தான் புள்ளி போட்டு, முள்வேலி இல்லாத முகாமா, உயர்பாதுகாப்பா என்று முடிவு செய்யும். குடிப்பழக்கம் அந்த அறிக்கையில் பதிவாகியிருந்தால் 500 மணி நேரப் போதைமீட்புத் திட்டத்தில் சேரலாம், வன்முறை வழக்கு இல்லாவிட்டால் முடித்ததும் ஓராண்டு வரை குறையும். "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை" என்று பெருமையாகச் சொன்ன ஏழை அந்த ஓராண்டை இழப்பார். சிறை ஆலோசகர் என்று தொழிலே நடத்துபவர்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர், நாடு கடத்தப்படக்கூடியவர் என்றால் முகாம் கிடைக்காது. பத்தாண்டுக்கு மேல் மீதமிருந்தாலும் கிடைக்காது. கேலியன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ராஜ் ராஜரத்தினம், கொழும்பில் பிறந்த தமிழர், 2011இல் 11 ஆண்டு பெற்றபோது முகாமுக்குப் போகாமல் டெவன்ஸ் மருத்துவச் சிறைக்குப் போனார். அதற்கு முன் நூறு மில்லியன் டாலர் ஜாமீனில் வெளியே இருந்தார். 60 வயதைத் தாண்டி மூன்றில் இரண்டு பங்கு முடித்த வன்முறையற்ற கைதிகளை வீட்டுக்காவலுக்கு அனுப்பலாம் என்று 2018இல் வந்த சட்டத்தால் 2019இல் வீடு திரும்பினார். அவருக்கென எழுதிய சட்டம் அல்ல. ஆனால் வீட்டுக்காவலுக்கு முதலில் ஒரு வீடு வேண்டுமே.

மேற்கு வர்ஜினியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறைக்கு வேலி இல்லை. தொழிலதிபரும் டிவி பிரபலமுமான மார்த்தா ஸ்டூவர்ட் 2004 அக்டோபரிலிருந்து ஐந்து மாதம் அங்கே இருந்தார். தன் ஊருக்கு அருகிலிருந்த டான்பரி சிறையைக் கேட்டார், கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் டிவி நிகழ்ச்சி காத்திருந்தது. அதே ஆல்டர்சனில் 1947இல் போதைப்பொருள் வழக்கில் ஒரு வருடமும் ஒரு நாளும் தண்டனை பெற்று வந்தவர் கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே. (அந்த ஒரு நாள் ஒட்டு கருணை. இன்றும் ஃபெடரல் சட்டத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்தால்தான் ஆண்டுக்கு 54 நாள் நன்னடத்தைக் கழிவு.) அவர் வெளியே வந்து பதினோராம் நாள் கார்னகி ஹாலில் பாடினார், அரங்கு நிறைந்தது. ஆனால் மது விற்கும் இடங்களில் பாட நியூயார்க் காவல்துறை தரும் அட்டை அவருக்குப் பறிபோனது, அதனால் அந்நகர இரவு விடுதிகளில் அவர் பாட முடியவில்லை. சிறை ஒன்றுதான், சிறைக்குப் பிந்தைய தண்டனை ஒன்றல்ல.

இணையத்தில் சுற்றும் இன்னொரு ஒப்பீட்டைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மகளின் தேர்வு மதிப்பெண்ணுக்கு 15,000 டாலர் கொடுத்த நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்கு 14 நாள், முகவரியை மாற்றிச் சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கனெக்டிகட்டின் கறுப்பினத் தாய்க்கு ஐந்தாண்டு என்பது அது. அந்த ஐந்தாண்டில் போதைப்பொருள் விற்ற வழக்கும் சேர்ந்திருக்கிறது, பகிர்பவர்கள் அதைச் சொல்வதில்லை. நேர்மையான ஒப்பீடு வேண்டுமானால் 2011இல் ஒஹாயோவின் ஆக்ரனில் நடந்ததை எடுங்கள். அங்கே பள்ளி முகவரி விவகாரத்துக்காக மட்டுமே ஒரு கறுப்பினத் தாய் கடுங்குற்றவாளி ஆக்கப்பட்டார், ஐந்தாண்டை நிறுத்திவைத்து பத்து நாள் ஜெயில், பிறகு ஆளுநர் குற்றத்தைச் சிறிதாக்கினார். ஹஃப்மன் உள்ளே இருந்தது 11 நாள். விடுதலை நாள் ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் வெள்ளிக்கிழமையே விட்டார்கள், அது எல்லாக் கைதிக்கும் உள்ள வழக்கம். நாட்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் கொடுத்தது 15,000 டாலர், இன்னொருவர் கொடுத்தது தன் அப்பாவின் முகவரி.

சிறைக்குள் போன பிறகு புகழ் பெரும்பாலும் சுமைதான். பிற கைதிகளிடமிருந்து காக்க என்று தனியறையில் நாளுக்கு 23 மணி நேரம் பூட்டிவைப்பார்கள், ஹில்டனுக்கும் அதுதான் நடந்தது. 2008இல் நியூயார்க் விடுதியில் தன் தொடையிலேயே தவறிச் சுட்டுக்கொண்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸுக்கு, மேயரே டிவியில் வந்து கடும் நடவடிக்கை கேட்டார். இரண்டாண்டு தண்டனையில் ஏழில் ஒரு பங்கு கழித்து இருபதரை மாதம் இருந்தார். ராப் பாடகர் லில் வெய்ன் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலில் ஓராண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து எட்டு மாதம் இருந்தார். பாட்டுக் கேட்கும் கருவியின் சார்ஜரும் ஹெட்போனும் பிடிபட்டதால் கடைசி மாதம் தனிச்சிறை. காசுக்கும் உள்ளே கட்டுப்பாடு உண்டு: ஃபெடரல் சிறைக் கேண்டீனில் மாதம் 360 டாலர்தான் வரம்பு. ஆனால் மணிக்கு 12இலிருந்து 40 சென்ட் வரை கூலி வாங்குபவருக்கு அந்த 360 மலை. புகைபிடிக்கத் தடை வந்தபின் அங்கே நாணயமாகப் புழங்குவது கானாங்கெளுத்தி மீன் பொட்டலம். முடி வெட்ட இரண்டு, துணி இஸ்திரி போட ஒன்று என்கிற மாதிரி. வரம்புக்குள் நின்றபடியே ஒரு பணக்காரர் பொட்டலங்களை அடுக்கிவைத்து ஆளமர்த்திக்கொள்ளலாம். கலிஃபோர்னிய மாநிலச் சிறைகள் புதுக் கைதிகளை அறுபது நாள் வரை நிறம் பார்த்தே அறையில் சேர்த்தன. கும்பல் சண்டையைத் தவிர்க்க என்று சொன்ன அந்த வழக்கத்தை 2005இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சோதிக்கச் சொன்னது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சிறை என்பது. ஃபெடரல் என்றால் சிறைத்துறையின் தளத்தில் பெயரைத் தட்டினால் இருக்கும் இடமும் எதிர்பார்க்கும் விடுதலை நாளும் வரும். அந்த நாளில் நன்னடத்தைக் கழிவு ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதனால் தண்டனையோடு நேரே ஒப்பிடாதீர்கள். கவுன்ட்டி என்றால் அந்த ஷெரிஃப் அலுவலகத்தின் கைதி தேடல் பக்கம். பிறகு அதே வாரம் அதே குற்றத்துக்கு அதே கட்டடத்தில் இருந்த பெயர் தெரியாத ஒருவர் எத்தனை நாள் இருந்தார் என்று தேடுங்கள்.